தோட்டத்துக் கோயிலில் கிடா வெட்டு: பொலிஸைக் கூப்பிடலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். இப்போது கொழும்பில் வேலை. வார இறுதியில் தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பில் தொண்டர். உங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அமைப்பில் உள்ள நண்பர்கள், "பக்கத்துப் பன்சலைத் தேரரிடம் (பௌத்த விகாரைப் பிக்குவிடம்) சொல்லு, அவர் பொலிஸுக்குச் சொல்வார், ஒரு நாளில் முடிந்துவிடும்" என்கிறார்கள். அதோடு மாடறுப்பைத் தடைசெய்யக் கேட்கும் மனுவிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டில் மாமா, "அவங்களோட சேந்துக்கிட்டு நம்ம சாமிக்கே குழி பறிக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். நீங்கள் எழுதிக் கேட்டது, இது சட்டப்படி சரியா என்று. எனக்கு அதற்குள் வேறொரு கேள்வி கேட்கிறது. ஆட்டின் பக்கம் நின்றால் சொந்தச் சனத்துக்கு எதிராக நின்றதாகிவிடுமா?

நான் யார் என்று தெரியாமல் பதிலை எடை போட முடியாது. பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, நுவரெலியா மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க வைத்தியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் "மாட்டு டொக்டர்" என்றால்தான் தெரியும். சட்டத்தரணி இல்லை. ஆகவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போய்விடாதீர்கள். இன்னொன்று, ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவன். அதை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்வது அழகில்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஆடு. அதிலிருந்தே தொடங்குகிறேன். கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்டு, முனி முன்னால் நிறுத்துவார்கள். மேளம் உச்சத்துக்குப் போகும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டையே பார்க்கும். அது தலையிலிருந்து வால் வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். சிலிர்க்காவிட்டால் இன்னொரு செம்புத் தண்ணீர். நான் சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிலிர்ப்பு வந்ததும் எனக்கும் மயிர்க்கூச்செறியும். பிறகு பேராதனையில் படிக்கும்போது தெரிந்தது, காதிலும் முதுகிலும் தண்ணீர் பட்டால் ஆடு, நாய், மாடு எல்லாமே அதை உதறித் தள்ளும் என்று. நனைந்த நாய் செய்வதைத்தான் கிடாவும் செய்கிறது. சம்மதம் என்று அதில் ஒன்றும் இல்லை. இதைக் கமிட்டித் தலைவர் ஒருவரிடம் ஒருமுறை சொன்னேன். "தெரியும் டொக்டர், அதுக்குத்தானே தண்ணி ஊத்துறோம்" என்றார். நம் சனத்தை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பேசப் போனால் தோற்றுப்போவீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆட்டுக்கு வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2009இல் நியூசிலாந்தில் மயக்க மருந்து கொடுத்த கன்றுகளின் மூளை மின்னலைகளை அளந்து பார்த்தார்கள். கழுத்தை அறுக்கும்போது, விழித்திருந்தால் வலியாக உணரப்படும் ஒரு மாற்றம் மூளையில் நடக்கிறது என்று காட்டினார்கள். எவ்வளவு நேரம் என்பதுதான் விலங்குக்கு விலங்கு மாறும். ஆட்டுக்கு மூளைக்குப் போகும் இரத்தம் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்க நாடிகளால் போகிறது, அவை அறுந்தால் சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மாட்டுக்கு முதுகெலும்பை ஒட்டிப் போகும் நாடிகளும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகின்றன, கழுத்தை அறுத்தாலும் அவை அறுபடுவதில்லை. அதனால் மாடு கூடிய நேரம் நினைவோடு இருக்கக்கூடும். தேர்ந்த கை, தீட்டிய அரிவாள், ஒரே வெட்டு என்றால் கிடாவின் பாடு சீக்கிரம் முடிகிறது. குடித்துவிட்டு நிற்கிறவன் கையில் மழுங்கிய கத்தி என்றால், அதை நான் எழுத விரும்பவில்லை. இரண்டையும் பார்த்திருக்கிறேன். சாகும் முன்பு மேளச் சத்தத்திலும் இரத்த வாடையிலும் கட்டிப்போட்டிருக்கும் மற்ற ஆடுகள் படும் பயத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் நிபுணர்களுக்குள் பேச்சு இருக்கிறது. பயம் இருக்கிறது என்பதில் இல்லை. ஆனால் ஒன்று. கொழும்பில் பொலித்தீன் பையில் வாங்கும் கோழி, கூண்டில் நெரிந்து லொறியில் ஆறு மணி நேரம் வந்து, தலைகீழாகத் தொங்கிச் செத்தது. முனியின் கிடா சாகும் நாள்வரை லயத்துப் பிள்ளைகள் கையால் முருங்கை இலை தின்றது. இரண்டில் எதன் வாழ்க்கை நல்லது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

இனி கோயில். மாரியம்மனுக்கு நேரே இப்போது பல தோட்டங்களில் வெட்டுவதில்லை. கோபுரம் எழுந்து, கும்பாபிஷேகம் நடந்து, ஐயர் வந்த பிறகு அம்மன் சைவமாகிவிட்டது. வெட்டு நடப்பது வெளியே மரத்தடியில், கோடாலி பிடித்த முனிக்கு, மதுரைவீரனுக்கு. சாராயமும் சுருட்டும் அங்கேதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையிலேயே சாமி கும்பிட்டு சேவல் அறுக்கிற வழக்கமும் இருந்தது. கவ்வாத்துக் கத்தி கையைத் தின்னாமல் இருக்க வேண்டுமே. தேயிலை ஆலையில் இயந்திர ரோதைக்கு ஒரு முனி. கை போன பிறகு நட்டஈடு கிடைக்கும் என்று நம்பிக்கை இல்லாத இடத்தில், கை போகாமல் இருக்க ஒரு சேவல் கொடுப்பதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சாதியும் இதற்குள் இருக்கிறது. யாருடைய சாமி கோபுரத்துக்குள், யாருடைய சாமி மரத்தடியில் என்பது தற்செயலாக நடந்ததில்லை. "பலி நாகரிகமில்லை" என்று சொல்கிறவர் பெரும்பாலும் கோபுரத்துக்குள் இருக்கும் சாமியின் ஆள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் பலியை எதிர்த்தபோதே இந்தப் பிரச்சினை இருந்தது. உயிரிரக்கமும் இருந்தது, கிராமத்துச் சாமியைத் திருத்தும் மேல் கையும் இருந்தது.

சட்டத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதற்கு எதிரான நம் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அதில் உச்ச தண்டப்பணம் 100 ரூபாய். இன்று ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு பிளேன் டீயும் வடையும் அந்தக் காசு. அதை மாற்ற 2006இல் சட்ட ஆணைக்குழு ஒரு விலங்கு நலச் சட்டமூலம் வரைந்தது. 2010இல் அத்துரலியே ரத்தன தேரர் அதைத் தனிநபர் சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தார். 2016இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுபட்டது. இந்த இழுபறியை நினைவில் வையுங்கள், பிறகு திரும்பி வருகிறேன். அரசியலமைப்பில் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்து, அதே வசனத்தில் மற்ற மதங்களுக்கு 10ஆம், 14ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை உறுதிப்படுத்துகிறது. நம்பும் சுதந்திரத்தில் யாரும் கை வைக்க முடியாது. அந்த நம்பிக்கையை வெளியே செய்து காட்டும் சுதந்திரத்தை மட்டும் 15ஆம் உறுப்புரையின்படி கட்டுப்படுத்தலாம், அதுவும் சட்டத்தால். தேரர் சொன்னார், அமைச்சர் சொன்னார், பொலிஸ் பொறுப்பதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் சட்டம் ஆகாது. அமைச்சரவைத் தீர்மானமும் சட்டம் ஆகாது. அதே நேரம் ஆடு, மாடு அறுப்பதற்கு உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் பற்றி 1893ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆகவே உங்கள் மாமா நினைப்பது போல இது சட்டம் எட்டாத இடமும் இல்லை.

நடந்ததைப் பாருங்கள். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் வருடாந்தம் நூற்றுக்கணக்கான ஆடும் கோழியும் பலி கொடுத்துவந்தார்கள். நேர்ந்துகொண்டு வந்தவர்களில் பெரும்பகுதியினர் சிங்கள பௌத்தர்கள் என்பது பலருக்குத் தெரியாது. 2011 செப்டெம்பரில் அப்போதைய அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு போய்ப் பலிக்கு வைத்திருந்த விலங்குகளை ஏற்றிக்கொண்டு போனார். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இரண்டாவது, யாழ்ப்பாணத்தில். கீரிமலைப் பக்கம் ஒரு வைரவர் கோயிலின் வேள்வி என்னும் ஆட்டுப் பலியை நிறுத்தக் கேட்டு வழக்குப் போட்டது பௌத்த அமைப்பு இல்லை, ஒரு சைவ அமைப்பு. 2017 ஒக்டோபரில் யாழ். மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் பலிக்குத் தடை விதித்தார். மூன்றாவது, 2018 செப்டெம்பரில் இந்து சமய அலுவல்கள் அமைச்சர் டி. எம். சுவாமிநாதன் கொண்டுபோன யோசனைக்கு அமைச்சரவை ஒப்புக்கொண்டது. நாடு முழுதும் இந்துக் கோயில்களில் பலியைத் தடைசெய்வது என்று. மூன்றிலும் இறந்துபோவது அதே ஆடுதான். ஆனால் மூன்றும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. முதலாவதில் அதிகாரம் உள்ள ஒருவர் கமெராவோடு வந்தார். இரண்டாவதில் ஒரு சமூகத்துக்குள்ளேயே சண்டை, இரு பக்கமும் நீதிமன்றத்தில் பேச இடம் இருந்தது. மூன்றாவதில் கோபுரத்துக்குள் இருக்கிறவர்கள் மரத்தடிக்காரருக்கும் சேர்த்து முடிவெடுத்தார்கள். மரத்தடிக்காரரை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

மாடறுப்புத் தடை மனு இன்னும் சிக்கலானது. இதில் நேர்மையில்லாதவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2013 மே 24, வெசாக் போயா. கண்டியில் தலதா மாளிகைக்கு முன்னால் போவத்தே இந்திரரத்தன தேரர் தன் மேல் தீ வைத்துக்கொண்டார், மறுநாள் இறந்துபோனார். மாடறுப்பை நிறுத்து என்பது அவர் கேட்டதில் ஒன்று. அன்று நான் கண்டியில்தான் இருந்தேன், தானசாலைகளில் வரிசை நின்றுகொண்டிருந்தது, செய்தி வாய் வாயாக வந்தது. உயிரைக் கொடுத்த ஒருவரின் இரக்கத்தைப் பொய் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அந்த வருடம்தான் ஹலால் சின்னத்துக்கு எதிரான பிரசாரமும் நாடெங்கும் நடந்தது, முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்றார்கள். மாட்டின் மேல் இரக்கமும் இறைச்சிக்கடைக்காரர் மேல் வெறுப்பும் ஒரே மேடையில் ஏறி நின்றன. மேடையில் இருக்கிற எல்லோருக்கும் எது எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2020 செப்டெம்பரில், பொதுத் தேர்தலில் பெரிய வெற்றி பெற்று ஒரு மாதம் கழிந்ததும், பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ மாடறுப்புத் தடையை முன்வைத்தார். அமைச்சரவையும் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. சாப்பிடுகிறவர்களுக்கு? இறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்றார்கள். அதாவது மாடு சாகலாம், வேறு நாட்டில் சாகட்டும். 2021இல் சட்டத் திருத்தங்களுக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் ஆட்சியில் அது சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. டொலர் தட்டுப்பாடு வந்து, அப்புறம் எல்லாமே போயிற்று.

இந்த மனுவில் கையெழுத்துப் போடும் முன் லயத்து மாட்டுப் பட்டிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மறுபடி வடிகால் கானு ஓரமெல்லாம் புல் அறுத்து, ஒரு கலப்பினப் பசுவை வைத்துப் பால் ஊற்றி, அந்தக் காசில் பிள்ளையை ஓஎல் பரீட்சை வரை கொண்டுபோன குடும்பங்கள் எனக்கு எத்தனையோ தெரியும். பசு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 கிலோ பச்சைப் புல் தின்னும். அது கன்று போட்டால்தான் பால். போடும் கன்றில் பாதி காளை. பிரீசியன் காளையை வைத்து இந்தச் சரிவில் ஏர் ஓட்டுவதும் இல்லை, சினைக்கு ஊசி இருக்கிறது. அந்தக் காளைக் கன்று எங்கே போகிறது என்று யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மாட்டிறைச்சி தொடாத வீட்டுக்காரரும் அதை விற்கிறார். வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரு முஸ்லிம் வியாபாரி. நாம் குடிக்கிற பாலின் பாவத்தை அவர் தலையில் ஏற்றிவிட்டு, நாம் நெற்றியில் திருநீறும் பௌத்தர்கள் கையில் பிரித் நூலுமாக நிற்கிறோம்.

அபயதானம் என்று ஒன்று நடக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொலைக்குப் போகும் மாட்டைக் காசு கொடுத்து மீட்டு, ஏழைக் குடும்பத்துக்குக் கொடுப்பது. நல்ல காரியம், நானே பல தடவை மாடுகளைச் சோதித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்று மறக்கவில்லை. பாடசாலை மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி, மாட்டுக்கு மாலை போட்டு, படம் எடுத்து, ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். விற்கக் கூடாது, அறுக்கக் கொடுக்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கினார்கள். மாட்டுக்கு வயது போய்விட்டது, இனிச் சினை நிற்காது. மடியில் இரண்டு காம்பு செத்துப் போயிருந்தது. அன்று என்னைச் சோதிக்கக் கூப்பிடவில்லை. ஏழு மாதம் கழித்து, ஆடி மாதத்து மழையில், அந்த அம்மாவின் மகன் வந்து கூப்பிட்டான். லயத்துக்குப் பின்னால் தகரம் சாய்த்த கொட்டில். மாடு சேற்றில் விழுந்து கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம். பின்னங்கால் புண்ணில் புழு. அந்த அம்மா ஒரு உரச்சாக்கை அதன் மேல் போர்த்தி, பக்கத்தில் குந்தி, கஞ்சித் தண்ணியைக் கையால் வாயில் விட்டுக்கொண்டிருந்தார். குளுக்கோசும் கல்சியமும் ஏற்றினேன். எழும்பவில்லை. ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டேன். மாடு கொடுத்தவர்கள் பொலிஸுக்குப் போவார்களோ என்று பயந்தார். அப்புறம் கேட்டார், "டொக்டர், இத வித்திருந்தா பாவமா, இப்பிடி வச்சிருக்கிறது பாவமா?" நான்காம் நாள் செத்தது. மீட்டவர்கள் யாரும் வரவில்லை.

பெரும்பான்மையின் பக்கத்தில் விலங்குக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குச் சரியாகாது. 2019 ஓகஸ்டில் கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் நடந்த டிக்கிரி என்ற எழுபது வயது யானையின் படம் உலகமெல்லாம் போனது. வண்ண உடையைக் கழற்றினால் எலும்பும் தோலும். அடுத்த மாதமே இறந்துபோனது. 2021இல் வீட்டு யானைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள், தினமும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்ட வேண்டும், பாகன் குடித்திருக்கக் கூடாது என்றெல்லாம். அதையொட்டியே, காட்டிலிருந்து திருடியதாக வழக்கு நடந்துகொண்டிருந்த யானைகளைப் பழையபடி வைத்திருந்தவர்களிடமே கொடுக்க வழி பிறந்தது. ஆட்டை மீட்க ஓடி வரும் அமைச்சர்கள் இங்கே ஓடி வரவில்லை. ஆனால் வந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யானைக் கன்றுகளுக்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியவர்களில் சிங்கள பௌத்தர்கள் அநேகம் பேர், மிரட்டல் வாங்கிக்கொண்டே செய்தார்கள். உங்கள் அமைப்பில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் அவர்களோடு தைரியமாக நில்லுங்கள். தன் சொந்த ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்கும் ஒரு கோரிக்கையையாவது ஓர் அமைப்பு வைத்திருக்கிறதா என்று பார்ப்பேன், எனக்கு அதுதான் உரைகல். முன்பு சொன்ன சட்டமூலத்தின் இழுபறியும் இதனால்தான் என்று நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. அது வந்தால் கிடாவை மட்டும் தொடாது. பெரஹரா யானையை, கோழிப் பண்ணையை, மாட்டு லொறியை, எல்லாவற்றையும் தொடும். சிறுபான்மையின் கத்தியை மட்டும் பிடுங்கும் தடைக்குச் சில வாரங்களில் அமைச்சரவை ஒப்புதல் கிடைக்கிறது. எல்லோரையும் தொடும் சட்டத்துக்கு வருடங்கள் போகின்றன.

நம் பக்கமும் சுத்தமில்லை. 2020 மேயில் உங்கள் ஊருக்குக் கிட்டத்தான், நல்லதண்ணிப் பக்கம், ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தும் சில நாளில் இறந்தது. கம்பி காட்டுப்பன்றிக்குப் போட்டது. மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறினால் வட்டிக்கு வாங்கிய காசு போகும், பன்றி மாட்டினால் இறைச்சி. சிறுத்தைக்காகக் கொழும்பு கண்ணீர் விட்டது, நியாயம்தான். கொழுந்து மலையில் குளவி கொட்டிச் செத்த பெண்ணுக்கு அந்தக் கண்ணீரில் பாதி கிடைத்திருந்தால் சிறுத்தையைப் பற்றி லயத்தில் பேசுவது எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1950இலிருந்தே அங்கே பலித் தடைச் சட்டம் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003 ஓகஸ்டில் முதலமைச்சர் ஜெயலலிதா அதை இறுக்கமாக நடைமுறைப்படுத்தச் சொன்னார். கிராமத்துக் கோயில்களில் பெரும் கசப்பு. 2004 பெப்ரவரியில், மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது, சட்டத்தையே எடுத்துவிட்டார். இதிலிருந்து "வாக்குக்குப் பயந்து விலங்கைக் கைவிட்டார்கள்" என்றும் படிக்கலாம், "மரத்தடிக்காரருக்கும் வாக்கு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது" என்றும் படிக்கலாம். நான் இரண்டாவதாகப் படிக்கிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலையகத் தமிழரான நமக்கு இங்கே 1948இல் குடியுரிமையையே பறித்தார்கள், வாக்கும் அதோடு போனது. அதைத் திரும்ப வாங்கவே ஒரு தலைமுறைக்கு மேல் போனது. அப்படிப்பட்ட சனத்திடம் போய் "மேலே முடிவாகிவிட்டது, நிறுத்துங்கள்" என்றால் உங்கள் மாமாவின் வாயிலிருந்து வந்த சொல்தான் வரும்.

ஆகவே என் பதில், தேரரையும் பொலிஸையும் கூப்பிடாதீர்கள். ஒரு வருடம் நிற்கும். அடுத்த வருடம் கிடா நடுச்சாமத்தில், மழுங்கிய கத்தியில், டோர்ச் வெளிச்சத்தில் வெட்டுப்படும், அதைப் பார்க்கக்கூட உங்களை விட மாட்டார்கள். மாடறுப்புத் தடை மனுவை விட்டுவிடுங்கள். விலங்கு நலச் சட்டமூலத்துக்கு மனு வந்தால் முதல் ஆளாகப் போடுங்கள், கிடாவும் அதற்குள் வரட்டும், யானையும் வரட்டும். தோட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. கோயில் சந்தா பல தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடிக்கிறார்கள். உங்கள் அம்மா கொழுந்து பறித்த காசு அந்தக் கிடாவில் இருக்கிறது. காசு கொடுக்கிற பெண்களில் எத்தனை பேர் கமிட்டியில் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், கிடாவைப் பற்றிப் பேசும் முன்பே. ஆட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் நான் பார்த்தவரையில் குறைவு, அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். உடனே நிறுத்தச் சொல்ல வேண்டாம். முதலில் கத்தி தீட்டியிருக்கட்டும், வெட்டுகிறவன் குடிக்காமல் இருக்கட்டும், மற்ற ஆடுகளை மறைவில் கட்டட்டும், பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்த வேண்டாம் என்று கேளுங்கள். இதற்கு முனியே மறுப்புச் சொல்ல மாட்டார். நாய்களுக்கு ஊசி போடும் உங்கள் அமைப்பைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு சபைகள் தோட்டத்துக்குள்ளும் செலவழிக்கலாம், உறுப்பினரைப் பிடித்து அதற்கு ஒரு தொகை கேளுங்கள். லயத்து நாய்க்கு ஊசி போட்ட பிள்ளை கிடாவைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள்.

கடைசியாக, இது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கிழவிகள் சிலர் பிடிவாதமாக நின்று, முனிக்குக் குங்குமம் தடவிய நீர்ப்பூசணிக்காய் வெட்டுவதென்று முடிவானது. நேர்ந்துவிட்ட கிடாவை அப்படியே அவிழ்த்து விட்டார்கள். அது சாமிக் கிடா, யாரும் விரட்டக் கூடாது. மூன்று வருடம் அந்த மலையை ஆண்டது. ஐயர் வீட்டுப் போஞ்சிக் கொடி, கணக்கப்பிள்ளை வீட்டு ரோசாப்பூ, பிள்ளை மடுவத்து (குழந்தைக் காப்பகத்து) பாய், எல்லாம் தின்றது. வயிறு ஊதி என்னிடமே இரண்டு தடவை கொண்டுவந்தார்கள். மூன்றாம் வருடம் மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை சிறுத்தை கொண்டுபோய்விட்டது, கொம்பும் மணிக் கயிறும் மட்டும் தேயிலைக்குள் கிடந்தது. "முனி தன் பங்க எடுத்துக்கிட்டாரு" என்றார்கள் கமிட்டியில் சிலர். கிழவிகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடமும் பூசணிக்காய்தான் வெட்டினார்கள்.